பசளைக்கு வயலிலேயே விடை தேடிய ஜோன் லோஸ்

பசளை பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் எனக்கு ஜோன் பெனெட் லோஸின் நினைவு வரும். 1814இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டட் பண்ணையில் பிறந்த அவர், எட்டு வயதில் தந்தையை இழந்தார். ஒக்ஸ்போர்டில் படித்தும் பட்டம் பெறவில்லை.

எலும்புத்தூள் சில மண்ணில் பலன் தருகிறது, தன் மண்ணில் ஏன் தரவில்லை என்பதே அவரது கேள்வி. எலும்பிலுள்ள பொஸ்பேட் நீரில் எளிதில் கரையாது. சல்பூரிக் அமிலம் சேர்த்தால் கரையும் வடிவத்துக்கு மாறும். ஜேர்மனிய விஞ்ஞானி லீபிக்கும் இதை முன்னரே சொல்லியிருந்தார். ஆனால் 1842இல் காப்புரிமை பெற்று, மறுவருடமே லண்டன் டெப்ட்போர்டில் தொழிற்சாலை தொடங்கியவர் லோஸ்.

எலும்பு போதாமல் போக, தொழில் பொஸ்பேட் பாறைக்கு மாறியது. அங்கே ஒரு சிக்கல். பாறையில் காபனேற்று கலந்திருந்தால் அமிலத்தை முதலில் அதுவே குடித்துவிடும். வாயு நுரைத்து வெளியேறும். பொஸ்பேட்டைக் கரைக்க மேலும் அமிலம் வேண்டும், செலவு விவசாயியின் தலையில் விழும். அதனால்தான் இன்று பாறையைச் சூளையில் சுட்டுக் கழுவியோ, நுரை மிதப்பு முறையிலோ காபனேற்றைப் பிரிக்கிறார்கள்.

எமது எப்பாவலையில் இந்த வேலையின் பெரும்பகுதியை மழையே செய்திருக்கிறது. காபனேற்றுப் பாறை நெடுங்காலம் கரைந்துபோக, அப்பட்டைட் மிஞ்சியது. ஆனாலும் அது மெதுவாகவே கரைவதால் தேயிலை, தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்குத்தான் பொருந்துகிறது. நெல்லுக்கு இறக்குமதிப் பசளையையே நம்பியிருக்கிறோம்.

லோஸை நான் மதிப்பது தொழிற்சாலைக்காக அல்ல. 1843இல் கில்பர்ட் என்ற வேதியியலாளரைச் சேர்த்துக்கொண்டு, கோதுமை வயலைத் துண்டுகளாகப் பிரித்தார். ஒன்றுக்கு எதுவும் இல்லை, ஒன்றுக்கு மாட்டெரு, மற்றவற்றுக்கு இரசாயனப் பசளைகள். 1872இல் பசளைத் தொழிலை விற்றார். 1889இல் ஆய்வு தொடர்வதற்காக ஒரு இலட்சம் பவுண் ஒதுக்கினார். 1900இல் அவர் இறந்தார். அந்த வயலில் பரிசோதனை இன்றும் நடக்கிறது.

2021இல் இலங்கை இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, சில மாதங்களில் பின்வாங்கியது. இடையில் நட்டப்பட்டவர்கள் விவசாயிகள். மாட்டெருவா, இரசாயனமா என்ற கேள்விக்கு வயலில் அருகருகே விதைத்து, அறுத்து, நிறுத்துத்தான் விடை காணவேண்டும் என்பதை லோஸ் 1843இலேயே காட்டியிருந்தார்.