ஓய்வூதியத்தில் கைவைத்த ரூஸ்வெல்ட்

திறைசேரி வெறுமையாகும் போதெல்லாம் ஆட்சியாளர்களின் பார்வை முதலில் விழுவது இரு தரப்பினர் மீதே. ஒரு தரப்பினர் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் அரசாங்க ஊழியர்கள். மறு தரப்பினர் உழைக்கும் காலம் முடிந்து ஓய்வூதியத்தில் சீவிக்கும் முதியவர்களும் வலுவிழந்தவர்களும். செல்வந்தர்களிடம் வரி அறவிடுவதற்குப் புதிய சட்டமும் அதிகாரிகளும் கால அவகாசமும் தேவை. ஓய்வூதியத்தைக் குறைப்பதற்கோ ஒரு கையொப்பம் போதும். அமெரிக்காவின் 32 ஆவது ஜனாதிபதி பிராங்ளின் டிலானோ ரூஸ்வெல்ட் ஏழைகளின் தோழராகவும் அந்நாட்டின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தந்தையாகவும் இன்று நினைவுகூரப்படுகின்றார். எனினும் அவர் பதவியேற்ற முதல் மாதத்தில் இட்ட கையொப்பங்களில் ஒன்று அத்தகையதாகவே இருந்தது என்பதை அறிந்தவர்கள் சிலரே.

1882 ஜனவரி 30 ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் பெருஞ் செல்வந்தக் குடும்பமொன்றில் ரூஸ்வெல்ட் பிறந்தார். ஹார்வர்ட் பல்கலைக்கழகக் கல்வி, மாநில செனட் சபை, கடற்படை உதவிச் செயலாளர் பதவி, 1920 இல் உப ஜனாதிபதி வேட்பாளர் நியமனம் என அவரது வாழ்வு பெரும்பாலும் ஏறுமுகமாகவே சென்றது. 1921 ஆகஸ்டில் போலியோ நோய் அவரைத் தாக்கியது. அப்போது அவருக்கு வயது 39. அதன்பின் இரும்புக் கவசங்களின் துணையின்றி அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. ஜோர்ஜியா மாநிலத்தின் வோர்ம் ஸ்பிரிங்ஸ் வெந்நீரூற்றுகளை நாடிச் சென்ற அவர், தமது சொத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டு 1926 இல் அவ்விடத்தையே விலைக்கு வாங்கி, தம்மைப் போன்ற நோயாளர்களுக்கான சிகிச்சை நிலையமாக்கினார். உடல் வலுவிழந்தவரின் துயரத்தைப் பிறர் சொல்லித் தெரிந்துகொண்டவரல்லர் அவர். பின்னர் நடந்தவற்றைப் பார்க்கும்போது இதனை மனதிற் கொள்ள வேண்டும்.

1929 இல் நியூயோர்க் ஆளுநராகப் பதவியேற்ற ரூஸ்வெல்ட், 70 வயதைக் கடந்த வறிய முதியவர்களுக்கு மாநில அரசு உதவிப்பணம் வழங்கும் சட்டத்தில் 1930 இல் ஒப்பமிட்டார். அதே காலப்பகுதியில் பொருளாதாரப் பெருமந்தம் நாட்டைச் சூழ்ந்துகொண்டது. முதலாம் உலகப் போரில் பங்குபற்றிய படைவீரர்களுக்கு 1945 இல் வழங்கப்படும் என 1924 இல் உறுதியளிக்கப்பட்ட போனஸ் தொகையை உடனடியாகத் தருமாறு கோரி, 1932 கோடையில் ஆயிரக்கணக்கான முன்னாள் படைவீரர்கள் வோஷிங்டனில் கூடாரமடித்துத் தங்கினர். ஜனாதிபதி ஹூவரின் அரசாங்கம் ஜூலை 28 ஆம் திகதி இராணுவத்தை ஏவி அவர்களை விரட்டியது. அந்த ஆண்டின் தேர்தலில் ஹூவர் அடைந்த படுதோல்விக்கு இந்த அவலக் காட்சியும் ஒரு காரணமெனலாம்.

ஆனால் செலவுச் சுருக்கம் என்று வந்தபோது ரூஸ்வெல்ட் ஹூவரையும் விஞ்சிப் பேசினார் என்பதே வேடிக்கை. 1932 ஒக்டோபரில் பிற்ஸ்பேர்க் நகரில் நிகழ்த்திய தேர்தல் உரையில், மத்திய அரசின் செலவை 25 வீதத்தால் குறைப்பதாக அவர் வாக்குறுதியளித்தார்.

1933 மார்ச் 4 ஆம் திகதி அவர் பதவியேற்றபோது தொழிலாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தார். வங்கிகள் மூடிக் கிடந்தன. அடுத்த ஆறு நாட்களில் சிக்கனச் சட்டமூலம் காங்கிரஸிடம் சென்றது. ஏறத்தாழ 500 மில்லியன் டொலரை மீதப்படுத்துவதே அதன் இலக்கு. அவரது ஜனநாயகக் கட்சியினரில் கணிசமானோர் எதிர்த்தனர். குடியரசுக் கட்சியினரின் கைகொடுப்புடன் பிரதிநிதிகள் சபை மறுநாளே அதனை நிறைவேற்றியது. மார்ச் 20 ஆம் திகதி அது சட்டமாயிற்று.

அரசாங்க ஊழியர்களின் சம்பளம் 15 வீதத்தால் வெட்டப்பட்டது. காங்கிரஸ் உறுப்பினர்களும் தப்பவில்லை. அவர்களது ஆண்டுச் சம்பளம் 8,500 டொலராகக் குறைந்தது. சேவைக்காலத்தைக் கொண்டு வழமையாக வழங்கப்படும் சம்பள ஏற்றத்தை ஹூவர் 1932 இலேயே நிறுத்தியிருந்தார். ரூஸ்வெல்டும் அதனை மீள வழங்கவில்லை. 1928 ஆம் ஆண்டுடன் ஒப்பிடுகையில் வாழ்க்கைச் செலவு 15 வீதத்துக்கும் மேலாக வீழ்ந்துவிட்டது என்பது அரசாங்கத்தின் வாதம். கணக்கு சரிதான். ஆனால் 1928 இல் பட்ட கடனும் வீட்டுக்கான தவணைப் பணமும் விலைச்சுட்டெண்ணைப் பார்த்துக் குறைவதில்லையே.

சட்டத்தின் பேரிடி விழுந்தது முன்னாள் படைவீரர்கள் மீதாகும். மத்திய அரசின் செலவில் ஏறத்தாழ கால் பங்கு அவர்களுக்கான கொடுப்பனவுகளாக இருந்தது. போருடன் எவ்விதத் தொடர்புமற்ற நோய்களுக்கும் பணம் வழங்கப்படுகின்றது, படைவீரர் சங்கங்களின் அழுத்தத்துக்கு அரசியல்வாதிகள் அடிபணிகின்றனர் என்ற குற்றச்சாட்டு நெடுநாளாகவே இருந்து வந்தது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் தவறுகளைக் களைவதற்குப் பதிலாக, ஸ்பானிய அமெரிக்கப் போர், முதலாம் உலகப் போர் ஆகியவற்றில் பங்குபற்றியோருக்கான கொடுப்பனவுச் சட்டங்களை அடியோடு நீக்கி, யாருக்கு எவ்வளவு என்பதை ஜனாதிபதியே ஒழுங்குவிதிகள் மூலம் தீர்மானிக்கும் அதிகாரத்தை இச்சட்டம் வழங்கியது. சட்டத்தால் உரித்தாகியிருந்த ஒன்று ஒரே நாளில் நிர்வாகத்தின் கருணையாக மாறிற்று. 1898 இல் கியூபாவிலும் பிலிப்பைன்ஸிலும் போரிட்டுத் திரும்பியவர்கள் அப்போது முதுமையை எட்டியிருந்தனர். தமது நோய்க்கும் போருக்கும் உள்ள தொடர்பை 35 ஆண்டுகள் கடந்தபின் நிறுவுவது அவர்களுக்கு எவ்வளவு கடினம் என்பதை விளக்கத் தேவையில்லை.

இவ்வாறு மீதப்படுத்திய தொகை எங்கே சென்றது என்பதும் கவனிக்கத்தக்கது. அதே ஆண்டு மே மாதத்தில் வேலையற்றோர் நிவாரணத்துக்கெனக் காங்கிரஸ் ஒதுக்கிய தொகையும் 500 மில்லியன் டொலரே. ஓர் ஏழையிடமிருந்து எடுத்து இன்னோர் ஏழைக்குக் கொடுத்த கணக்காகவே அது முடிந்தது.

மே மாதத்தில் படைவீரர்கள் மீண்டும் தலைநகருக்கு வந்தனர். ஹூவரின் தவறை ரூஸ்வெல்ட் திரும்பச் செய்யவில்லை. முகாமும் உணவும் மருத்துவ வசதியும் அளிக்கப்பட்டன. அவரது துணைவியார் எலினோர் நேரில் சென்று சேற்றில் நடந்து அவர்களுடன் உரையாடினார். காடு வளர்க்கும் பணியில் நாளொன்றுக்கு ஒரு டொலர் சம்பளத்தில் வேலை தருவதாகக் கூறப்பட்டது. பெரும்பாலானோர் அதனை ஏற்றனர். ஆயினும் வெட்டப்பட்ட கொடுப்பனவுக்கான பதில் அதுவல்ல. ஜூன் மாதத்தில் காங்கிரஸின் நிர்ப்பந்தத்தால் வெட்டின் ஒரு பகுதி தளர்த்தப்பட்டது. 1934 மார்ச்சில் படைவீரர்களின் கொடுப்பனவுகள் பலவற்றையும் ஊழியர் சம்பளத்தின் ஒரு பகுதியையும் மீளளிக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்ற, ரூஸ்வெல்ட் வீட்டோ அதிகாரத்தால் தடுத்தார். இரு சபைகளும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அத்தடையை முறியடித்தன. அவரது பதவிக்காலத்தில் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதற் தடவை. வெட்டின் சூத்திரதாரியான வரவு செலவுத்திட்டப் பணிப்பாளர் லூயிஸ் டக்ளஸ் அதே ஆண்டு ஆகஸ்டில் பதவி விலகினார். ஊழியர்களின் சம்பளம் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பியது 1935 ஏப்ரலிலாகும்.

இதற்கிடையில், 60 வயதைக் கடந்த அனைவருக்கும் மாதம் 200 டொலர் வழங்கக் கோரும் வைத்தியர் டவுன்செண்டின் இயக்கம் கலிபோர்னியாவில் தொடங்கி நாடெங்கும் பரவிற்று. தொழில் அமைச்சர் பிரான்சிஸ் பேர்கின்ஸ் தலைமையில் 1934 ஜூனில் ரூஸ்வெல்ட் ஒரு குழுவை அமைத்தார். அதன் பயனாக 1935 ஆகஸ்ட் 14 ஆம் திகதி சமூகப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஊழியரும் தொழில்தருநரும் சம்பளத்தில் தலா ஒரு வீதத்தைச் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடு பொருளியலறிஞர் பலருக்குப் பிடிக்கவில்லை. மந்த காலத்தில் தொழிலாளியின் பையிலிருந்து பணத்தை எடுப்பது தவறென அவர்கள் வாதிட்டனர். 1937 இல் அறவீடு தொடங்கியபோது, அவ்வாண்டின் செலவு வெட்டுகளுடன் சேர்ந்து அது மீண்டுமொரு மந்தத்துக்குத் துணைபோனது. பின்னர் 1941 இல் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது, அது பொருளாதாரத்துக்காகச் செய்ததன்று, முழுக்க அரசியலே என்று ரூஸ்வெல்ட் விளக்கினார். தாமே பணம் செலுத்தியவர்களின் ஓய்வூதிய உரிமையை எந்த அரசியல்வாதியும் பிற்காலத்தில் ஒழித்துவிட முடியாது என்பதே அவரது கணக்கு. ஓய்வூதியச் சட்டங்களை எவ்வளவு இலகுவாக அழித்துவிடலாம் என்பதை 1933 இல் தமது பேனாவினாலேயே செய்து காட்டியவர் அவரல்லவா!

படைவீரர் விடயத்தில் அவரது மனம் முற்றாக மாறிவிட்டது என்று கூறிவிட முடியாது. போனஸ் சட்டத்தை 1935 இலும் 1936 இலும் அவர் தடுத்தார். இரண்டாவது தடையைக் காங்கிரஸ் முறியடித்தே பணத்தை வழங்கியது. 1935 செப்டெம்பரில் புளோரிடாவின் தீவுத்தொடரில் நிவாரண வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த முன்னாள் படைவீரர் 250 பேருக்கும் மேற்பட்டோர் சூறாவளியில் மாண்டனர். 1944 ஜூனில் அவர் ஒப்பமிட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டமோ கல்வி, வீட்டுக்கடன், வேலையின்மைக் கொடுப்பனவு ஆகியவற்றைச் சட்டபூர்வ உரித்தாக்கியது.

சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் முதலாவது மாதாந்த ஓய்வூதியக் காசோலை 1940 ஜனவரி 31 ஆம் திகதி வேர்மொண்ட் மாநிலத்தில் ஓய்வுபெற்ற பெண்மணி ஒருவரின் பெயரில் எழுதப்பட்டது. அதன் பெறுமதி 22 டொலர் 54 சதம். ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 ஆம் திகதி வோர்ம் ஸ்பிரிங்ஸிலேயே காலமானார். 1935 ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயத் தொழிலாளரையும் வீட்டுப் பணியாளரையும் வெளியே நிறுத்தியிருந்தது. கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் அவர்களுக்குள் அடங்குவர். அவர்களில் நிரந்தர வேலை உடையோருக்கு அக்கதவு திறந்தது, அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளின் பின், 1950 இல்தான்.