வீரமாமுனிவர் இறந்தது எங்கே?



வீரமாமுனிவர் 1742-ல் மணப்பாட்டில் இறந்தார் என்று முன்பு ஒரு திருநாள் பிரசங்கத்தில் சொன்னேன். பூசை முடிந்ததும் வயதான உபதேசியார் ஒருவர் பங்களாவுக்கு வந்து, அதற்கு என்ன ஆதாரம் என்று பணிவாகக் கேட்டார். பதில் சொல்ல முடியாமல் வெட்கப்பட்டேன். பிறகு தேடிப் படித்ததை இந்த ஜூபிலி மலரில் எழுதுகிறேன்.

பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் 1680 நவம்பர் 8-ந் தேதி இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். புனித ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. சேசு சபைக் குருவாகி, 1710-ல் கோவாவில் வந்திறங்கினார். தத்துவ போதகர் 1606-ல் தொடங்கிய மதுரை மிஷனே அவருடைய பணிக்களம். காமநாயக்கன்பட்டி, ஏலாக்குறிச்சி முதலிய ஊர்களில் வேதம் போதித்தார். சூசையப்பரின் சரித்திரத்தைத் தேம்பாவணி என்னும் காவியமாகப் பாடினார். தொன்னூல் விளக்கமும் சதுரகராதியும் அவர் தந்தவையே.

முத்துசாமிப் பிள்ளை என்பவர் 1822-ல் அவருடைய சரித்திரத்தைத் தமிழில் எழுதினார். முனிவரின் சுவடிகளை அலைந்து தேடியவர் அவர். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். முனிவர் சந்தா சாகிபுக்குத் திவானாக இருந்தார் என்பதும், மணப்பாட்டில் இறந்தார் என்பதும் அவர் எழுதி வைத்தவையே. ஆனால் முனிவர் மறைந்து முக்கால் நூற்றாண்டு கழித்து, மக்கள் வாயில் வழங்கியதையும் சேர்த்து எழுதிய நூல் அது.

சேசு சபையிலோ, எந்தக் குரு எந்த ஊரில் இருக்கிறார், எப்போது இறந்தார் என்று அவ்வப்போது எழுதி உரோமைக்கு அனுப்புவது வழக்கம். அந்தப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அவர் 1747 பெப்ருவரி 4-ந் தேதி மலையாள நாட்டு அம்பலக்காட்டில் இறந்தார் என்று கண்டனர். திவான் கதையையும் அவர்கள் ஏற்கவில்லை.

ஐந்து வருடம்தானே என்று தோன்றலாம். அறுபதைத் தாண்டிய ஒரு குருவின் கடைசி ஐந்து வருட ஊழியத்தை அல்லவா நான் அன்று பீடத்திலிருந்து அழித்துவிட்டேன்! அன்பினால் சொல்லப்பட்ட கதையானாலும், அந்தக் காலத்திலேயே எழுதி வைத்த ஏட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் முன்னோரின் கல்லறைக் கல்லில் தேதி பொறிக்குமுன், பங்களாவுக்கு வாருங்கள். ஞானஸ்நானப் புத்தகத்தையும் மரணப் புத்தகத்தையும் சேர்ந்தே பார்ப்போம்.

ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குத் தந்தை