சிரிக்காதே, சிரிக்க வை!
(சர் வில்லியம் கில்பர்ட் வாழ்க்கைக் கதை)



கல்லூரி நாள் நெருங்கினால் நம்மில் சிலருக்கு நாடகக் காய்ச்சல் வந்துவிடும். பகலில் ஒர்க் ஷாப்பில் ஃபைல் பிடித்த கை, சாயங்காலம் அட்டைக் கத்தி பிடிக்கும். சம்பளமா? டீயும் பன்னும்தான்! இப்படி வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆசைக்காக மேடை ஏறுகிறவர்களைத்தான் அமெச்சூர் நடிகர்கள் என்கிறோம்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்த மாதிரிக் குழுக்கள் ஏராளம். வங்கி குமாஸ்தா, வாத்தியார், மெக்கானிக், மாணவர் எல்லோரும் சேர்ந்து ஒரு குழு. 140 வருடங்களுக்கும் மேலாக அவர்கள் திரும்பத் திரும்பப் போடும் சில நாடகங்கள் உண்டு. கொஞ்சம் பேச்சு, நிறையப் பாட்டு, வயிறு வலிக்கச் சிரிப்பு. இதற்கு ஓபரெட்டா என்று பெயர். அவற்றில் மிகப் புகழ்பெற்றவற்றுக்கு இசை அமைத்தவர் ஆர்தர் சல்லிவன். கதையும் பாட்டும் எழுதி, ஒத்திகை நடத்தி, மேடையேற்றியவர் வில்லியம் ஷ்வெங்க் கில்பர்ட். அந்தக் கில்பர்ட்டின் கதைதான் இது.

தோற்றுப்போன வக்கீல்

1836 நவம்பர் 18-ல் லண்டனில் பிறந்தார் கில்பர்ட். அப்பா கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்னாளில் அவரும் கதைகள் எழுதினார். குழந்தைக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர் பாப். இரண்டு வயதில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் திருடர்கள் தன்னைத் தூக்கிக்கொண்டு போய், 25 பவுண்டு வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள் என்று கில்பர்ட் பிற்பாடு சொல்லிக்கொள்வார். நடந்ததோ, அவரே ஜோடித்ததோ! ஆனால் குழந்தைகள் மாறிப்போவது அவருடைய நாடகங்களில் அடிக்கடி வரும்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் படித்தார். கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். பீரங்கிப் படையில் அதிகாரியாகச் சேர ஆசை. பரீட்சைக்குத் தயாராகும்போதே போர் முடிந்துவிட்டது. வேற வழி? அரசாங்க குமாஸ்தா வேலை. நான்கு வருடம் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்திருந்தார். 300 பவுண்டு சொத்து கைக்கு வந்ததும், வேலையை உதறிவிட்டு வக்கீல் கோட்டு மாட்டினார். சராசரியாக வருடத்துக்கு ஐந்து கட்சிக்காரர்கள்தான் வந்தார்கள்!

காத்திருந்த நேரத்தைச் சும்மா விடவில்லை மனுஷன். 1861-லிருந்தே 'ஃபன்' என்ற நகைச்சுவைப் பத்திரிகைக்கு வேடிக்கைப் பாட்டு எழுதி, படமும் தானே வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். செல்லப் பெயர்தான் படங்களில் கையெழுத்து. அந்தப் பாட்டுகளில் ஒரு தனி உலகம் இருந்தது. அங்கே எல்லாமே தலைகீழ். ஆனால் ஒருவருக்கும் அது தலைகீழ் என்று தெரியாது! நீதிபதியும் தளபதியும் பைத்தியக்கார வேலையை முகம் மாறாமல் செய்வார்கள்.

இன்னொரு பக்கம், பகுதி நேரப் படையில் சேர்ந்து கேப்டன் வரை உயர்ந்தார். அந்த டிரில்லும் ஒழுங்கும் பிற்பாடு ஒத்திகை மேடைக்கு வந்து சேர்ந்தன.

மூன்று பேர், ஒரு மேடை

கில்பர்ட்டும் சல்லிவனும் முதலில் சேர்ந்து தந்தது 1871-ல் 'தெஸ்பிஸ்'. கொஞ்ச நாள் ஓடியது, அவ்வளவுதான். அதன் இசையில் பெரும்பகுதி இன்று நம்மிடம் இல்லை. 1875-ல் ரிச்சர்ட் டாய்லி கார்ட் என்ற மேடை நிர்வாகி இருவரையும் மறுபடி ஒன்று சேர்த்தார். கோர்ட்டைக் கிண்டல் செய்யும் 'டிரையல் பை ஜூரி' பிறந்தது. வக்கீல் தொழிலில் தோற்ற அனுபவம் வீண் போகவில்லை பாருங்கள்!

1878 மே 25-ல் வந்தது 'ஹெச்.எம்.எஸ். பினஃபோர்'. சின்னப் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறார்களே பினஃபோர், அந்த உடுப்பின் பெயர் ஒரு போர்க் கப்பலுக்கு! கப்பல் கேப்டனின் மகள் சாதாரண மாலுமியைக் காதலிக்கிறாள். கடல் தண்ணீரே அறியாத கடற்படை அமைச்சர் அவளைப் பெண் கேட்டு வருகிறார். கடைசியில், கேப்டனும் மாலுமியும் குழந்தையாக இருந்தபோது இடம் மாறிப்போனவர்கள் என்று தெரிகிறது. உடனே மாலுமி கேப்டன், கேப்டன் மாலுமி! பிறப்பை வைத்து மனிதனை அளக்கும் சமுதாயத்துக்கு அது நல்ல சூடு. அந்தச் சமயத்தில் இங்கிலாந்தின் நிஜமான கடற்படை அமைச்சர், புத்தகக் கடைகள் நடத்திப் பெரிய ஆளான டபிள்யூ. ஹெச். ஸ்மித். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? புரிந்துகொண்டு சிரித்தார்கள்.

571 முறை நடந்தது அந்த நாடகம். அமெரிக்காவில் அனுமதியில்லாமல் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் போட்டார்கள். எழுதியவருக்கு ஒரு காசு வரவில்லை. அதனால்தான் அடுத்த நாடகத்தை 1879 டிசம்பர் 31-ல் நியூயார்க்கிலேயே அரங்கேற்றினார்கள். நாடகத்தின் பெயர் 'பைரட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்'. கொள்ளையடித்தவர்களுக்குக் கொள்ளைக்காரர் கதையே பதில்!

நம்ம பாடம் இங்கேயும் உண்டு!

எலெக்ட்ரிகல் பிரிவு நண்பர்கள் கொஞ்சம் கவனிக்கவும். 1881-ல் டாய்லி கார்ட் லண்டனில் சவாய் தியேட்டரைக் கட்டினார். முழுக்க முழுக்க மின்விளக்கால் ஒளியூட்டப்பட்ட உலகின் முதல் பொதுக் கட்டடம் அது. ஜோசப் ஸ்வான் தயாரித்த சுமார் 1200 பல்புகள். பக்கத்துக் காலி இடத்தில் நீராவி எஞ்ஜின் வைத்து ஜெனரேட்டரை ஓட்டினார்கள். அக்டோபர் 10-ல் திறந்தபோது பார்வையாளர் பகுதிக்கு மட்டுமே மின்சாரம் போதுமானதாக இருந்தது. டிசம்பர் 28-ல்தான் மேடைக்கும் வந்தது. அதுவரை கேஸ் விளக்கின் சூட்டிலும் புகையிலும் வெந்த நடிகர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

ஜனங்களுக்கோ பயம். தீப்பிடித்தால்? கார்ட் மேடைக்கு வந்தார். எரிகிற பல்பு ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி உடைத்தார். துணி கருகவில்லை. பயம் போயே போச்சு! அடுத்த வருடம் 'அயோலாந்தே' நாடகத்தில், தேவதைகளாக வந்த பெண்கள் தலையில் குட்டி பல்புகள் மின்னின. பேட்டரியை உடுப்புக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள்.

மரக்கட்டை நடிகர்கள்

சரி, கில்பர்ட் எப்படி ஒத்திகை நடத்தினார்? இதுதான் முக்கியம். அந்தக் காலத்து மேடையில் பெரிய நடிகர் வைத்ததுதான் சட்டம். அவர் நடுவில் நிற்பார், நினைத்ததைப் பேசுவார், மற்றவர்கள் ஓரத்தில் தூண் மாதிரி நிற்பார்கள். டாம் ராபர்ட்சன் என்ற நாடக ஆசிரியரின் ஒத்திகைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கில்பர்ட், இதை அடியோடு மாற்றினார்.

முதலில் வீட்டில் மேடையின் மாதிரி ஒன்று செய்வார். ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று ஸ்கேல். நாம் டிராயிங் ஹாலில் செய்கிற அதே கணக்கு! மூன்று அங்குல மரக்கட்டை ஆண், இரண்டரை அங்குலக் கட்டை பெண். ஒவ்வொரு பாட்டுக்கும் யார் எங்கே நிற்கணும், எந்த வரியில் எந்தப் பக்கம் நகரணும் என்று கட்டைகளை நகர்த்தி நகர்த்திக் குறித்துக்கொள்வார். ஒத்திகைக்கு வரும்போது கையில் முழுத் திட்டம் இருக்கும். பினஃபோருக்காக போர்ட்ஸ்மத் துறைமுகம் போய், 'விக்டரி' என்ற பழைய போர்க் கப்பலில் ஏறி, கயிறு முதல் ஏணி வரை படம் வரைந்து வந்தார். 1885-ல் 'மிகாடோ' போட்டபோது, லண்டன் நைட்ஸ்பிரிட்ஜில் ஜப்பானியக் கிராமக் கண்காட்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்த ஜப்பானியப் பெண் ஒருவரை வரவழைத்து, நடிகைகளுக்கு நடையும் விசிறி பிடிப்பதும் கற்றுக்கொடுக்க வைத்தார். மிகாடோ 672 முறை நடந்தது.

இவ்வளவு எதற்கு? வெறும் வேடிக்கை நாடகம்தானே என்று கேட்கலாம். வேடிக்கை என்பதால்தான்! சிரிப்பு வர வேண்டுமானால் மேடையில் இருப்பவன் சிரிக்கக் கூடாது என்பது கில்பர்ட்டின் கட்டளை. எவ்வளவு அபத்தமான வசனமானாலும் உயிர் போகிற விஷயம் மாதிரிப் பேச வேண்டும். 1877-ல் எழுதிய 'என்கேஜ்ட்' என்ற நாடகத்தில், நடிகர்களுக்கு இதைத் தனிக் குறிப்பாகவே அச்சில் போட்டார். கண்ணடிப்பது, கூடுதலாக ஒரு ஜோக் சேர்ப்பது, குட்டிக்கரணம் போட்டுக் கைதட்டல் வாங்குவது, இதெல்லாம் அவரிடம் நடக்காது. எந்தப் பெரிய நடிகனானாலும் எல்லோர் முன்னாலும் திட்டு விழும்.

இன்னொரு புதுமை, கோரஸ். பின்னால் வரிசையாக நின்று பாடும் கும்பலை யாரும் மனுஷனாகவே மதிக்காத காலம் அது. கில்பர்ட் அவர்களைக் கப்பல் ஊழியர்களாக, கொள்ளைக்காரர்களாக, போலீஸ்காரர்களாக ஆக்கினார். அவர்களுக்கும் வேலை கொடுத்தார், சிரிப்பு கொடுத்தார். அமெச்சூர் குழுக்கள் இவரைப் பிடித்துக்கொண்டதற்கு இது பெரிய காரணம். ஒரு குழுவில் நல்ல குரல் நான்கு பேருக்கு இருக்கலாம். மீதி 30 பேருக்கு? இந்த நாடகங்களில் அந்த 30 பேரும் இல்லாவிட்டால் கதையே நகராது!

கில்பர்ட்டே ஒரு அமெச்சூர் நடிகர்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1878-ல் லண்டன் கெய்ட்டி தியேட்டரில் தர்ம காரியத்துக்காக ஒரு 'நாற்பது திருடர்கள்' நாடகம் நடந்தது. நடித்தவர்கள் பெரும்பாலும் எழுத்தாளர்கள். அதில் குதித்தாடும் ஹார்லெக்வின் வேஷம் போட்டவர் 41 வயது கில்பர்ட்!

ஒரு கம்பளம் செய்த வேலை

திறமை இருந்த இடத்தில் கோபமும் இருந்தது. சல்லிவனுக்கு வேறொரு கவலை. பெரிய, சீரியஸான ஓபரா எழுத வேண்டியவன், இந்த வேடிக்கைப் பாட்டில் காலத்தைக் கழிக்கிறேனே என்று உள்ளுக்குள் புழுங்கினார். 1883-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. கில்பர்ட்டுக்கு அது வந்தது 24 வருடம் கழித்து, 1907-ல்தான்.

1890-ல் வெடித்தது சண்டை. இந்தியாவுக்குச் சுற்றுலா வந்துவிட்டு ஊர் திரும்பிய கில்பர்ட் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார். தியேட்டர் முகப்புக்கு வாங்கிய 500 பவுண்டு கம்பளத்தின் செலவில் தன் பங்கையும் கழித்திருக்கிறார்களே என்று கொதித்தார். சல்லிவனின் பெரிய ஓபராவுக்காகக் கார்ட் அப்போது புதுத் தியேட்டர் கட்டிக்கொண்டிருந்தார். அதனால் சல்லிவன் கார்ட் பக்கம் நின்றார். விஷயம் கோர்ட்டுக்குப் போனது. கணக்கில் கில்பர்ட்டுக்குப் பாக்கி இருந்தது உண்மைதான், பணமும் வந்தது. ஆனால் நட்பு? பிற்பாடு சேர்ந்து இரண்டு நாடகம் போட்டார்கள். பழைய உயிர் அதில் இல்லை. 1896-ல் 'கிராண்ட் டியூக்'கோடு கூட்டணி முடிந்தது. மொத்தம் 14 நாடகங்கள்.

1898-ல் ஒரு பழைய நாடகத்தை மறுபடி போட்டபோது, கடைசியில் இருவரும் மேடைக்கு வந்து வணங்கினார்கள். ஆளுக்கொரு பக்கமாக வந்தார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. 1900 நவம்பரில் சல்லிவன் இறந்துபோனார். அடுத்த ஏப்ரலில் கார்ட்டும் போய்விட்டார். எல்லாக் கணக்கையும் சரி பார்த்த கில்பர்ட்டால் அந்த ஒரு கணக்கைத் தீர்க்க முடியவில்லை. நண்பர்களே, நாடகம் போடும்போது யார் பேனரில் பெரிதாக வருவது, யார் காசு யார் செலவழித்தது என்று நாம் போடும் சண்டைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. யோசித்துப் பாருங்கள்.

ஏரிக்கரை

கடைசிக் காலத்தில் லண்டனுக்கு வெளியே கிரிம்ஸ் டைக் என்ற பெரிய வீட்டில் மனைவி லூசியுடன் வாழ்ந்தார். குழந்தைகள் இல்லை. தோட்டத்தில் ஒரு ஏரி வெட்டியிருந்தார். 1911 மே 29. இரண்டு இளம் பெண்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. ஒரு பெண் கால் எட்டாத இடத்துக்குப் போய்விட்டு, உதவி கேட்டு அலறினாள். 74 வயதுப் பெரியவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தண்ணீரில் பாய்ந்தார், நீந்தி அவளிடம் போனார். அங்கேயே இதயம் நின்றுவிட்டது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஆயுள் முழுக்க மற்றவரை அதட்டியவர், கடைசியில் ஒரு உயிருக்காகத் தன் உயிரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்றும் திரை விலகுகிறது

1879-லேயே இங்கிலாந்தில் ஒரு அமெச்சூர் குழு பினஃபோரை மேடையேற்றிவிட்டது. அதன் பிறகு காப்புரிமை இருந்தவரை, இங்கிலாந்தில் யார் போட்டாலும் டாய்லி கார்ட் நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டும். 1961 முடிவில் அந்தக் காப்புரிமை தீர்ந்தது. 1982-ல் அந்தத் தொழில்முறைக் குழுவே பணமில்லாமல் மூடப்பட்டது. ஆனால் பகலில் வேலை, ராத்திரியில் ஒத்திகை என்று இருந்த அமெச்சூர்கள் விடவில்லை. 1994-ல் பக்ஸ்டன் நகரில் இந்த நாடகங்களுக்கென்றே ஒரு விழா தொடங்கியது. பல ஊர் அமெச்சூர் குழுக்கள் அதில் வந்து போட்டி போட்டன.

ஆக, பெரிய கம்பெனி காப்பாற்ற முடியாததை, காசு வாங்காத கூட்டம் காப்பாற்றியது. அவர்கள் கையில் கில்பர்ட் விட்டுப்போன சொத்து என்ன? ஒரு ஸ்கேல், சில மரக்கட்டைகள், ஒரே ஒரு விதி. விளையாட்டான காரியத்தை விளையாட்டாகச் செய்யாதே!

அடுத்த முறை ஒத்திகைக்கு அரை மணி லேட்டாக வந்து, காமெடி நாடகம்தானேப்பா என்று யாராவது சொன்னால், இந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுங்கள்.