பார்சிலோனாவை உருவாக்கியவர்... அந்த கிளப் பக்கமே வரக்கூடாது என விரட்டப்பட்டது ஏன்? யார் இந்த ஜோன் காம்பர்?

மெஸ்ஸி ஆடிய கிளப் என்றால் பார்சிலோனா எல்லோருக்கும் தெரியும். ஆனா அதை ஆரம்பிச்சவர் ஸ்பெயின்காரரே இல்லை. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் 1877-ல் பிறந்த ஹான்ஸ் காம்பர். சின்ன வயசிலேயே தாயை இழந்தவர். ஊரில் எஃப்.சி. சூரிச் கிளப்பைத் தொடங்கிய கையோடு, 1898-ல் மாமா வசித்த பார்சிலோனாவுக்கு வந்து சேர்ந்தார்.

வந்த ஊரில் கால்பந்து ஆட ஆள் தேடினார். 1899 அக்டோபரில் ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் சின்னதாக ஓர் அறிவிப்பு கொடுத்தார். நவம்பர் 29-ம் தேதி ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடியது மொத்தமே 12 பேர். பார்சிலோனா கிளப் பிறந்தது அப்படித்தான். தலைவர் பதவி கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கேப்டனாக ஆடி, நூற்றுக்கும் மேற்பட்ட கோல்கள் அடித்தார்.

ஆனா 1908-ல் கிளப் கிட்டத்தட்ட மூடும் நிலை. உறுப்பினர்கள் வெறும் 38 பேர். கலைத்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோதுதான் காம்பர் தலைவர் பொறுப்பை ஏற்றார். அடுத்த வருஷமே சொந்த மைதானம். ஆதரவு திரட்டி ஆள் சேர்த்தார். 1925 வரை 5 முறை தலைவர். அல்காந்தரா, சமோரா, சமிதியர் என நட்சத்திரங்கள் ஆடினார்கள், கோப்பைகள் வந்தன. 1922-ல் லெஸ் கோர்ட்ஸ் என்ற பெரிய ஸ்டேடியமும் திறந்தாச்சு. அப்போது உறுப்பினர்கள் 10 ஆயிரத்தைத் தாண்டியிருந்தார்கள்.

இதற்கிடையே அவர் கட்டலான் மொழியைக் கற்று, ஹான்ஸ் என்ற பெயரையே ஜோன் என மாற்றிக்கொண்டிருந்தார். அதுவே பின்னால் வினையானது.

1923-ல் ஸ்பெயினில் பிரிமோ டி ரிவேராவின் சர்வாதிகாரம். கட்டலான் மொழிக்கும் கொடிக்கும் கெடுபிடி. 1925 ஜூன் 14, லெஸ் கோர்ட்ஸில் ஒரு போட்டி. ஸ்பெயின் தேசிய கீதம் இசைக்கப்பட்டதும் ரசிகர்கள் விசிலடித்து எதிர்ப்பைக் காட்டினார்கள். விசிலடித்தது கூட்டம், தண்டனை கிளப்புக்கு! மைதானத்தை 6 மாதம் மூட உத்தரவு. காம்பர் பதவியையும் நாட்டையும் விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு திரும்பி வர அனுமதி கிடைத்தது. ஆனால் கிளப்போடு எந்தத் தொடர்பும் கூடாது என்பது நிபந்தனை.

அதே ஊரில் இருந்துகொண்டு, தான் வளர்த்த கிளப்பை தூரத்தில் இருந்து பார்க்கும் நிலை. 1929-ல் ஸ்பெயினின் முதல் லீக் பட்டத்தை பார்சிலோனா வென்றபோதும் அவர் வெளியாள்தான். அதே வருஷம் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. அவருடைய பணமும் போனது. மன அழுத்தம் தொற்றிக்கொண்டது. 1930 ஜூலை 30-ல், 52 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

1966 முதல் சீசன் தொடங்கும் முன் பார்சிலோனா நடத்தும் போட்டிக்கு ஜோன் காம்பர் கோப்பை என்றுதான் பெயர். இன்று வீரர்கள் தினமும் பயிற்சிக்கு நுழையும் வளாகத்தின் வாசலிலும் அவர் பெயர்தான் இருக்கிறது.