நேரத்தின் இயக்கம் ஆராய்ந்த தகியுத்தீன்

ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களில் ஒரு காலத்தில் நேரம் தப்பொலியாகவே அறியப்பட்டது. விடியுமுன் தப்பு முழங்கினால் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். மணிக்கூடு பார்ப்பது துரையின் உரிமை. நேரத்தை அளக்கும் அறிவைப் பொதுவாக்க முயன்ற ஓர் அறிஞரை இவ்வேளை நாம் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

1526இல் பிறந்த தகியுத்தீன், டமஸ்கஸிலும் கெய்ரோவிலும் கல்வி கற்றுக் காழியாகப் பணியாற்றியவர். 1559இல் இயந்திர மணிக்கூடுகள் பற்றி அரபு மொழியில் நூலெழுதினார். எடை கீழிறங்குவதால் ஓடுபவை, முறுக்கிய சுருள்வில் விரிவதால் ஓடுபவை ஆகிய இருவகையையும் அதில் ஆராய்ந்தார்.

எடையால் ஓடுவது நிறுத்திய இடத்தை விட்டு நகராது. சுருள்வில்லே மணிக்கூட்டைச் சட்டைப்பைக்கும் பின்னர் மணிக்கட்டுக்கும் கொண்டுவந்தது. நாள்தோறும் சாவி கொடுக்கும் கைக்கடிகாரமும், கையசைவால் தானே முறுக்கேறும் ஒட்டோமெட்டிக் கடிகாரமும் அவ்வில்லாலேயே ஓடுகின்றன. 1969இல் விற்பனைக்கு வந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில் வில்லின் இடத்தை பற்றரியும் அதிரும் படிகமும் பிடித்தன.

1577இல் சுல்தான் மூன்றாம் முராத்தின் ஆதரவுடன் இஸ்தான்புல்லில் தகியுத்தீன் வானாய்வுக்கூடம் அமைத்தார். நட்சத்திரங்களின் நிலையைக் குறிக்க நிமிடமும் விநாடியும் காட்டும் மணிக்கூட்டை அங்கு பயன்படுத்தினார். அவ்வாண்டு தோன்றிய வால்வெள்ளியை நற்சகுனமென அவர் கூறியது வினையாயிற்று. கொள்ளைநோய் பரவ, எதிர்ப்பாளரின் கை ஓங்கியது. 1580இல் கூடம் இடிக்கப்பட்டது. 1585இல் அவர் காலமானார்.

எனினும் அவரது நூல் அழியவில்லை. இன்று தோட்டத்துப் பிள்ளைகளின் கைகளிலும் கடிகாரம் உண்டு. அதன் உள்ளே ஓடுவது என்னவென்று அறியும் ஆர்வத்தையும் அவர்களிடம் வளர்ப்பது நமது பாடசாலைகளின் கடமையாகும்.