நூல் நிலைய ஆசிரியர் சீ. இரா. ரங்கநாதன்

கலாசாலையில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த உபாத்தியாயர் ஒருவர், தாம் விரும்பாத உத்தியோகமொன்றில் அமர்த்தப்பெற்றார். அமர்ந்த சில நாட்களுக்குள்ளாகவே அதனை விட்டோடிவிட முயன்றார். அம்முயற்சி கைகூடாமற் போனமையால் அதிலேயே நிலைத்து, இறுதியில் அவ்வுத்தியோகத்தையே உலகம் மதிக்கும் ஒரு சாஸ்திரமாக ஆக்கிவிட்டார் என்று கூறினால், கேட்போர் அதனைக் கட்டுக்கதையென்றே கருதுவர். சீகாழி இராமாமிருத ரங்கநாதன் அவர்களின் வாழ்க்கையோ அவ்வாறே நிகழ்ந்தது.

நூல் நிலையத்தில் வேலை என்றால் நம்மவருள் பலருக்கு இன்றும் ஒருவகை அலட்சியம் உண்டு. பிள்ளை நூல் நிலையத்தில் இருக்கிறான் என்று கேட்டவுடன், வேறு ஏதும் கிடைக்கவில்லையோ என்று வினவும் உறவினரை நாம் அறிவோம். பெண் கொடுக்க வருவோரும் சற்றே தயங்குவர். இந்த அலட்சியம் ரங்கநாதன் அவர்களுக்கும் புதிதன்று. தொடக்கத்தில் அவரே அக்கருத்துடையவராய் இருந்தார் என்பதுதான் வியப்பு.

அவர் 1892-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், அக்காலத் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த சீகாழியில் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். உள்ளூர்ப் பள்ளியிற் படிப்பை முடித்துக்கொண்டு சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையிற் சேர்ந்து, 1913-இல் பி.ஏ. பட்டமும் 1916-இல் கணிதத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். ஆங்கு அவருக்குக் கணிதம் கற்பித்தவர் எட்வர்ட் ராஸ் என்னும் பேராசிரியர். அவ்வாசிரியரிடத்தில் அவர் வைத்த பக்தி வாழ்நாள் முழுவதும் குன்றவில்லை. பின்னர்ச் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1917 முதல் மங்களூரிலும் கோயமுத்தூரிலும், பிறகு சென்னை ராஜதானிக் கலாசாலையிலும் கணிதம் கற்பித்தார். இளமையில் அவருக்குத் திக்கிப் பேசும் தொல்லை இருந்தது. உரத்த குரலிற் பாடம் நடத்தவேண்டிய தொழிலை அத்தொல்லையோடு மேற்கொண்டு, நாளடைவில் அதனை வென்று, மாணாக்கர் விரும்பும் ஆசிரியரானார். ஆகவே, வகுப்பறை அவருக்கு அரிதில் ஈட்டிய பொருளைப் போன்றது.

வருமானமோ போதவில்லை. அச்சமயத்தில் சென்னைச் சர்வகலாசாலையார் நூல் நிலையத் தலைவர் பதவி ஒன்றைப் புதிதாக ஏற்படுத்தி விண்ணப்பங்கள் கோரினர். சம்பளம் மிகுதி என்பதனால் நண்பர் சிலர் தூண்ட, அவரும் ஒரு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு அதனை மறந்தே போனார். சுமார் 900 பேர் விண்ணப்பித்திருந்தனர். நூல் நிலையத் தொழிலை முறைப்படி கற்றவர் அவருள் ஒருவரும் இலர். ரங்கநாதன் கணித ஆராய்ச்சிக் கட்டுரைகள் சில எழுதியிருந்தார். ஆராய்ச்சிப் பழக்கம் உடையவரே வேண்டுமென்று தேர்வாளர் கருதியதனால் அவரைத் தெரிந்தெடுத்தனர். நேர்முகத்துக்குச் செல்லுமுன் கலைக்களஞ்சியம் ஒன்றிற் படித்த கட்டுரையே நூல் நிலையத்தைப் பற்றி அவருக்கு இருந்த அறிவெல்லாம்! 1924-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் அவர் பதவி ஏற்றார்.

பதவி ஏற்ற சில நாட்களில் அவருக்கு மனம் தளர்ந்தது. எதிரே மாணாக்கர் இல்லை. கேள்வி கேட்பார் இல்லை. நூல்களின் நடுவே நாள் முழுவதும் தனித்து அமர்ந்திருத்தல் வேண்டும். நூல் நாடி வருவோரும் மிகச் சிலரே. தம்மைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு கலாசாலைத் தலைவரிடம் சென்று வேண்டினார். அவர் மறுத்துரையாமல், முதலில் சீமைக்குச் சென்று அத்தொழிலைக் கற்று வருமாறும், அதன் பின்னும் விருப்பம் மாறவில்லையாயின் கலாசாலைக்கே திரும்பி வரலாமென்றும் இசைவு கூறினார். அந்த நயமான விடைக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்பது பின்னர்த்தான் விளங்கும்.

1924-இன் பிற்பகுதியில் லண்டன் சேர்ந்து, ஆங்குள்ள யூனிவர்சிட்டி காலேஜில் நூல் நிலையக் கல்வி பயின்றார். வகுப்பில் அவர் பெற்ற மதிப்பெண்கள் நடுத்தரத்துக்குச் சற்றே மேற்பட்டவை என்பர். நம் பிள்ளைகளின் மதிப்பெண்களைக் கண்டு முகம் வாடும் பெற்றோர் இதனை நினைவில் வைத்தல் நலம். குராய்டன் நகர நூல் நிலையத் தலைவராகிய பெர்விக் சேயர்ஸ் என்பார் அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார். அவர் காட்டிய வழியில் ரங்கநாதன் நூறு நூல் நிலையங்களுக்கு மேல் நேரிற் சென்று பார்த்தார். ஆங்குச் சிறுவரும், ஆலைத் தொழிலாளரும், வீட்டுப் பெண்டிரும் தம் வீட்டுப் பண்டசாலையிற் புகுவதுபோல உட்புகுந்து வேண்டிய நூலை எடுத்துச் செல்வதைக் கண்டபோதுதான், தாம் தனித்து அமர்ந்திருந்த அறை ஏன் வெறிச்சோடிக் கிடந்தது என்பது அவருக்கு விளங்கியது. குறை நூல்களிடத்தில் இல்லை. வைத்திருந்த முறையில் இருந்தது. 1925-இல் திரும்பியபோது அவர் வேறு மனிதர். கலாசாலைக்குத் திரும்பும் பேச்சு பின்னர் எழவேயில்லை.

அக்காலத்து நூல் நிலையங்களின் இயல்பை இன்றைய இளைஞர் அறியார். நூல்கள் உள்ளே இருக்கும்; படிப்பவர் வெளியே நிற்பார்; சீட்டெழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருத்தல் வேண்டும். நூல் தொலையாமற் காப்பவனே நல்ல அதிகாரி என்று பெயர் பெற்றான். ரங்கநாதன் படிப்போரை அடுக்குகளுக்கிடையே தாமே சென்று தேடுமாறு விட்டார். தேடத் தெரியாதவருக்குத் துணை நிற்கும் பணியாளரை ஏற்படுத்தினார். நிலையம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். 1936-இல் சேப்பாக்கத்துக் கடற்கரையை அடுத்து எழுந்த புதிய கட்டடத்தில் சர்வகலாசாலை நூல் நிலையம் குடியேறிற்று.

இவ்வளவையும் செய்து வருகையில், தாம் செய்யும் சிறு சிறு மாறுதல்களுக்கெல்லாம் அடிப்படையாகிய விதிகள் யாவை என்னும் கேள்வி அவரை வருத்திற்று. கணிதம் கற்றவர் அல்லரா? நூறு விவரங்களுக்கு அடியில் நாலைந்து விதிகள் இருந்தே தீரும் என்பது அவர் உறுதி. 1928-இல் ஒருநாள் அவர் இச்சிந்தனையில் ஆழ்ந்திருக்கையில் பழைய ஆசிரியர் ராஸ் வந்தார். சீடர் தேடிக்கொண்டிருந்ததை ஒரே சொற்றொடரிற் கூறிவிட்டுப் போனார். நூல்கள் இருப்பது கையாள்வதற்கே என்பது அதன் கருத்து. அதிலிருந்து ஏனையவை தாமே கிளைத்தன. படிக்க விரும்பும் எவருக்கும் அவருக்குரிய நூல் மறுக்கப்படலாகாது. ஒவ்வொரு நூலும் தனக்கேற்ற வாசகரைச் சென்றடையுமாறு செய்தல் வேண்டும். வாசகரின் பொழுது வீணாகலாகாது. நூல் நிலையமோ உயிருள்ள பொருளைப் போல ஓயாமல் வளர்ந்துகொண்டே இருப்பது. ஆகையால் கட்டடமும் அட்டவணையும் அவ்வளர்ச்சிக்கு இடங்கொடுத்தல் வேண்டும். இவ்வைந்து விதிகளையும் விளக்கி அவர் எழுதிய நூல் 1931-இல் வெளிவந்தது. கேட்பதற்கு இவை குழந்தைக்கும் விளங்குவன போலத் தோன்றும். ஆனால் முதல் விதி ஒன்றையே எடுத்துக்கொண்டு, நம் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும் நூல்களை ஒருமுறை நோக்குவோமாயின், அதன் கடுமை நன்கு விளங்கும்.

அவருடைய மற்றொரு பெரும்பணி நூல்களை வகைப்படுத்தும் முறை. 1876 முதல் அமெரிக்கராகிய மெல்வில் டூயி என்பாரின் தசம முறை வழங்கி வந்தது. அதில் அறிவு முழுவதையும் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் முன்னரே ஓர் எண் இட்டு வைத்திருப்பர். பட்டியலில் இல்லாத புதுப்பொருள் ஒன்று தோன்றினால் அதனை எங்கே வைப்பது என்று திகைக்க நேரிடும். லண்டனில் ஒரு பெருங்கடையில் ரங்கநாதன் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். சில துண்டுகளையும் திருகாணிகளையும் கொண்டு வெவ்வேறு உருவங்களை அமைத்துக் காட்டினார்கள். பொருள்களையும் இவ்வாறே உறுப்புகளாகப் பிரித்துவைத்து, வேண்டியபோது இணைத்துக்கொண்டால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. தஞ்சை ஜில்லாவில் ஒரு குறிப்பிட்ட வருஷத்தில் நெற்பயிரைத் தாக்கிய நோய்க்குச் செய்த பரிகாரம் என்று ஒரு நூல் வந்ததாகக் கொள்வோம். உழவு என்னும் துறை, நெல் என்னும் பயிர், நோய், பரிகாரம், இடம், காலம் என்று அது பிரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு. குறிகளைக் கோத்துவிட்டால் அந்நூலுக்குரிய இடம் கிடைத்துவிடும். குறிகளை இணைக்க அவர் முதலில் எடுத்துக்கொண்ட அடையாளம் முக்காற்புள்ளி. ஆதலின் அதற்குக் கோலன் முறை என்று பெயர் வந்தது. 1933-இல் அது நூலாக வெளிவந்தது. அம்முறையை அப்படியே கைக்கொண்ட நூல் நிலையங்கள் உலகிற் பல அல்ல. குறிகள் நீளமானவை, கற்பது கடினம் என்னும் குறையில் உண்மை உண்டு. ஆயினும் பொருளை முகம் முகமாகப் பிரித்து நோக்கும் அவர் கருத்து, பிற நாட்டு அறிஞர் பலருக்கும் வழிகாட்டியாயிற்று.

தாம் ஒருவர் மட்டும் கற்றாற் போதாதென்று 1928-இல் சென்னை நூல் நிலையச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். அச்சங்கத்தின் சார்பில் 1929-இல் நூல் நிலையக் கல்விப் பள்ளி தொடங்கிற்று. 1931-இல் சர்வகலாசாலையே அதனை ஏற்றுக்கொண்டது. வகுப்பறையை விட்டு வந்ததற்கு வருந்தியவர், ஐந்தாண்டில் தமக்கென்று ஒரு வகுப்பறையை உண்டாக்கிக்கொண்டார். அவ்வியக்கத்தின் ஊக்கத்தால், 1931-இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமந்தோறும் கொண்டு சென்றனர். நூலை நாடி உழவர் வாரார் எனின், உழவரை நாடி நூல் சென்றது.

அவர் இல்லறத்தில் துயரமும் உண்டு. 1928-இல், ஐந்து விதிகளையும் கண்ட அதே வருஷத்தில், திருவல்லிக்கேணிக் கோயிற் குளத்தில் நேர்ந்த விபத்தில் மனைவியார் ருக்மணி அம்மாள் காலமானார். அடுத்த வருஷம் சாரதா அம்மையாரை மணந்தார். மணம் முடிந்த நாள் பிற்பகலிலேயே நூல் நிலையத்துக்கு வேலைக்குச் சென்றுவிட்டார் என்று சொல்வதுண்டு. ஞாயிறும் விடுமுறையும் அறியாமல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார் என்பர். இதனைப் புகழ்ச்சியாகவே எல்லாரும் எழுதுகின்றனர். அந்நாட்களில் வீட்டில் காத்திருந்த அம்மையாரின் பொறுமையை ஒருவரும் அவ்வளவாக எழுதவில்லை.

நூல் நிலையம் செல்வர் ஒருவரின் தருமத்தை நம்பி நிற்கலாகாது, சட்டத்தின்மேல் நிற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1930-இல் காசியில் நடந்த கல்வி மகாநாட்டில் மாதிரி மசோதா ஒன்றை முன்வைத்தார். அது சென்னையில் சட்டமாக நிறைவேறியது 1948-இல், அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாய் இருந்த காலத்தில். இடையில் பதினெட்டு வருஷங்கள் கழிந்தன! சுதந்தர இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூல் நிலையச் சட்டம் அதுவே. வீட்டு வரியோடு ஒரு சிறு பகுதியை நூல் நிலைய வரியாகச் சேர்த்து, ஜில்லாதோறும் நூல் நிலையங்கள் நடத்த அது வழிசெய்தது.

ஆனால் சட்டம் நிறைவேறியபோது அவர் சென்னையில் இல்லை. இருபது வருஷங்களுக்கு மேலாகத் தாம் வளர்த்த நூல் நிலையத்திலேயே, புதிய நிர்வாகத்தோடு அவருக்குக் கருத்து வேற்றுமை மூண்டது. 1945-இல் பதவியை விட்டு விலகினார். மனம் மிக நொந்திருந்தார். ஐம்பதைக் கடந்த வயதில், சொந்த ஊரையும் மொழியையும் விட்டுக் காசி ஹிந்து சர்வகலாசாலைக்குச் சென்றார். ஆங்கு லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களைத் தம் கையாலேயே வகைப்படுத்தினார் என்பர். மனத்துன்பத்தை அவர் ஆற்றிக்கொண்ட வகை அதுபோலும்.

1947-இல் ஸர் மாரிஸ் குவயர் அழைக்க, டில்லி சர்வகலாசாலைக்குச் சென்றார். நூல் நிலையக் கல்வியில் மேற்பட்டமும் டாக்டர் பட்ட ஆராய்ச்சியும் நம் நாட்டில் வேரூன்றியது அங்கேதான். சில வருஷம் ஸூரிச் நகரில் தங்கி எழுதினார். 1957-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1962-இல் இந்தியப் புள்ளியியல் நிலையத்தின் சார்பில் பெங்களூரில் ஆவணக் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான மையத்தைத் தொடங்கினார். 1965-இல் இந்திய அரசாங்கம் அவரைத் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக்கியது. தாம் முதலில் நேசித்த கணிதத்தையும் அவர் மறக்கவில்லை. கணித மேதை ராமாநுஜனைப் பற்றி 1967-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1972-ஆம் வருஷம் செப்டம்பர் 27-ஆம் தேதி, எண்பதாம் வயதில், பெங்களூரில் காலமானார்.

ஒரு செய்தியை அதற்குரிய இடத்திற் கூறாமல் நிறுத்தி வைத்தேன். மனம் நொந்து சென்னைச் சர்வகலாசாலையை விட்டு வெளியேறிய பதினோராம் வருஷத்தில், 1956-இல், தம் வாழ்நாளில் சேமித்த பணம் ஒரு லட்சம் ரூபாயை அவர் தானம் செய்தார். பெற்றுக்கொண்டது அதே சென்னைச் சர்வகலாசாலைதான். நூல் நிலைய சாஸ்திரத்துக்கென்று ஒரு பேராசிரியர் பீடம் நிறுவுவதற்காக அத்தொகையை அளித்தார். அப்பீடத்துக்கு இட்ட பெயரில் தம் பெயருக்கு முன்னே மனைவியாரின் பெயரை வைத்தார். சாரதா ரங்கநாதன் பீடம் என்பதே அதன் பெயர்.