கம்பியில்லாத் தந்தி தந்த மார்க்கோனி

கரையை விட்டு நீங்கிய கப்பல் ஊமையாகிவிடும் காலம் ஒன்று இருந்தது. துறைமுகத்தில் நின்று வழியனுப்பியவர்கள், அக்கப்பல் மறுகரை சேர்ந்த செய்தி வரும்வரை அதன் நலத்தை அறிய வழியின்றி வருந்தினர். நடுக்கடலில் தீப்பற்றினும், பாறையில் மோதினும், சூறாவளியிற் சிக்கினும், கப்பலில் உள்ளோர் கொடியை அசைக்கலாம், வாணம் விடலாம், பீரங்கியை முழக்கலாம். கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவில் வேறு கப்பல் இல்லையேல் அவையனைத்தும் பயனற்றுப் போகும். நிலத்தின்மேல் தந்திக் கம்பிகள் ஊரையும் ஊரையும் இணைத்தன. 1866ஆம் ஆண்டு முதல் அட்லாண்டிக் மாகடலின் அடியிலும் தந்திக் கம்பி நிலையாகச் செய்தி சுமந்தது. ஆயினும் ஓடும் கப்பலுக்குக் கம்பி கட்டுவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை கண்டு, கடலிற் செல்வோர்க்குப் பேசும் ஆற்றலைத் தந்த பெருமை குலியெல்மோ மார்க்கோனி என்பாருக்கு உரியது.

பிறப்பும் இளமையும்

மார்க்கோனி, இத்தாலி நாட்டின் பொலோஞா நகரில் 1874ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் பிறந்தார். தந்தையார் குசெப்பே, நிலபுலங்கள் மிக்க செல்வர். தாயார் ஆனி, அயர்லாந்து நாட்டினர். மார்க்கோனி பள்ளியில் முறையாக நெடுங்காலம் பயின்றாரல்லர். பல்கலைக்கழகப் பட்டமும் பெற்றாரல்லர். பெரும்பாலும் வீட்டில் ஆசிரியர்களை அமர்த்திக் கல்வி புகட்டினர். லிவோர்னோ நகரில் வின்சென்சோ ரோசா என்னும் ஆசிரியரிடம் அவர் மின்னியலின் அடிப்படைகளைக் கற்றார். பொலோஞாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அகுஸ்தோ ரிகி, தம் நூல்களையும் கருவிகளையும் பார்த்தறிய இளைஞருக்கு இடமளித்தார்.

மின்சாரம் பொறியாகத் தாவும்பொழுது கண்ணுக்குப் புலப்படாத அலைகள் எழுந்து வெளியிற் பரவுகின்றன. அவ்வலைகள் உண்டென்பதை 1888ஆம் ஆண்டில் ஆய்வு செய்து மெய்ப்பித்தவர் ஹைன்றிக் ஹெர்ட்ஸ் என்னும் செர்மானிய அறிஞர். 1894ஆம் ஆண்டு அவர் இளமையிலேயே மறைந்தார். அவர்தம் ஆய்வுகளைப் பற்றிய கட்டுரையொன்றை, மலைப்பகுதியில் ஓய்வு கொண்டிருந்த மார்க்கோனி அவ்வாண்டு படித்தார். இவ்வலைகளைக் கொண்டு தந்தி அனுப்புதல் கூடாதோ என்னும் எண்ணம் இருபது வயது இளைஞரின் உள்ளத்தில் வேரூன்றியது.

அலையை உணரும் தூள்

அலைகளை எழுப்புதல் எளிது. அவற்றை உணர்தலே அரிது. பிரெஞ்சு அறிஞர் எதுவார் பிரான்லி 1890ஆம் ஆண்டில் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். கண்ணாடிக் குழாயில் நிரப்பிய உலோகத்தூள், இயல்பாக மின்னோட்டத்தைத் தடுத்து நிற்கும். மின்னலை வந்து தாக்கின், தூள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். அப்பொழுது மின்னோட்டம் தடையின்றிச் செல்லும். குழாயைச் சற்றே தட்டினால் தூள்கள் மீண்டும் பிரியும். இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் 1894ஆம் ஆண்டில் இத்தகைய குழாயைக் கொண்டு ஆய்வு நிகழ்த்தினார். நம் நாட்டின் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில், சுவர்களைக் கடந்து சென்ற அலைகளால் மணியை ஒலிக்கச் செய்து காண்போரை வியக்க வைத்தார். ருசிய நாட்டுப் போப்போவ் 1895ஆம் ஆண்டில், தொலைவில் மின்னும் மின்னலை உணர்ந்து அறிவிக்கும் கருவியைச் செய்தார். இவர்கள் யாவரும் தத்தம் நெறியில் உழைத்த முன்னோடிகள்.

மார்க்கோனி, பொலோஞாவிற்கு அருகில் பொந்தெக்கியோவில் இருந்த தம் மாளிகையின் மேல்மச்சை ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். இரவு பகல் பாராது உழைத்தார். ஓரிரவில் உறங்கிக்கொண்டிருந்த தாயாரை எழுப்பி அழைத்துச் சென்று, அறையின் ஒரு பக்கத்தில் பொத்தானை அழுத்த, மறுபக்கத்தில் கம்பித் தொடர்பின்றி மணி ஒலிப்பதைக் காட்டி மகிழ்ந்தார் என அவர் வரலாறு கூறுகின்றது.

மணி ஒருமுறை ஒலித்தல் வேறு. செய்தி ஒன்றை எழுத்தெழுத்தாகப் பெறுதல் வேறு. தந்தியின் மோர்ஸ் குறிகள் புள்ளியும் கோடுமாக ஒன்றன்பின் ஒன்றாக வருவன. முதற்புள்ளி வந்ததும் பற்றிக்கொண்ட தூள், அடுத்த குறி வருமுன் பிரிந்து ஆயத்தமாதல் வேண்டும். அன்றேல் இரண்டு புள்ளிகள் ஒன்றாகிக் கோடு போலத் தோன்றும், சொல் திரியும், செய்தி கெடும். ஆகவே மார்க்கோனி குழாயை ஓயாது திருத்தினார். பல்வகை உலோகங்களை அராவிப் பார்த்தார். பெரும்பகுதி நிக்கலும் சிறிது வெள்ளியும் கலந்த நுண்டூளே ஏற்றதெனக் கண்டார். தூள் நிற்கும் இடைவெளியை மிகக் குறுக்கினார். குழாயினின்று காற்றை நீக்கி அதனை மூடினார்.

குழாயினூடே செல்லும் மின்னோட்டம் மிக மெல்லியது. மணியையோ எழுதுகோலையோ இயக்கும் வலிமை அதற்கு இல்லை. ஆதலின் அம்மெல்லிய ஓட்டம் ஒரு காந்தத்தை இயக்கவும், அக்காந்தம் வலிய மின்கலங்களின் சுற்றினைத் திறந்து மூடவும் அமைத்தார். அவ்வலிய ஓட்டம் இரு பணிகளை ஆற்றியது: நகரும் காகித நாடாவில் குறியைப் பொறித்தது; சிறு சுத்தியலால் குழாயைத் தட்டி, அடுத்த குறிக்கு அதனை ஆயத்தம் செய்தது. இங்ஙனம், கண்காணா அலை, கண்ணாற் படிக்கத்தக்க எழுத்தாக மாறியது.

1895ஆம் ஆண்டில் ஆய்வு அறையினின்று வெளியே வந்தது. அனுப்பும் கருவியின் ஒரு முனையை மண்ணில் புதைத்து, மறுமுனையை உயரக் கட்டிய வான்கம்பியோடு இணைத்தபொழுது அலைகள் நெடுந்தொலைவு செல்வதை மார்க்கோனி கண்டார். குன்றுக்கு அப்பால் ஏற்கும் கருவி வைக்கப்பட்டது. குறி வந்து சேர்ந்ததைத் துப்பாக்கி வெடியோசையால் அறிவித்தனர் என்பர். இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவினை அலைகள் கடந்துவிட்டன.

இங்கிலாந்தில் பெற்ற வெற்றி

அக்காலத்தில் மிகுதியான கப்பல்களை உடைய நாடு இங்கிலாந்து. 1896ஆம் ஆண்டு தாயாருடன் மார்க்கோனி அங்குச் சென்றார். தாயாரின் உறவினர்கள் உதவினர். அஞ்சல் துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீசு அவருக்கு ஆதரவளித்தார். அவ்வாண்டு சூன் 2ஆம் நாள் தம் அமைப்பிற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1897ஆம் ஆண்டு மே திங்களில் பிரிஸ்டல் கால்வாயில் உள்ள பிளாட் ஹோம் என்னும் தீவினின்று ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீர்ப்பரப்பைக் கடந்து செய்தி கரை சேர்ந்தது. 1899ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சிற்கும் இங்கிலாந்திற்கும் இடையே செய்திகள் சென்றன.

அதே ஆண்டு ஏப்ரல் திங்களில் நிகழ்ந்த நிகழ்ச்சியே கருவியின் பயனை நன்கு உணர்த்தியது. குட்வின் மணல்திட்டுகள் கப்பல்களை விழுங்கும் கொடிய இடம். அங்கு நிறுத்தப்பட்டிருந்த விளக்குக் கப்பலில் மார்க்கோனியின் கருவி முன்னரே பொருத்தப்பட்டிருந்தது. மூடுபனியில் வழி தவறிய ஒரு நீராவிக் கப்பல் விளக்குக் கப்பலின்மீது மோதியது. உடனே கம்பியில்லாத் தந்தி கரைக்கு உதவி வேண்டிச் செய்தி விடுத்தது.

கருவிகள் பெருகவே புதிய இடர் தோன்றியது. பலர் ஒரே நேரத்தில் பேசும் அவையில் யார் சொல்லும் விளங்காதவாறு, பல நிலையங்களின் அலைகள் ஒன்றோடொன்று கலந்தன. யாழின் நரம்பை உரிய சுருதியில் நிறுத்துவதுபோல, அனுப்பும் கருவியையும் ஏற்கும் கருவியையும் ஒரே அலைவிற்கு இசைத்துவிடின் ஏனைய அலைகள் இடையூறு செய்யா. லாட்ஜ் முதலானோர் முன்னரே ஆராய்ந்த இவ்விசைவு முறையை மார்க்கோனி நடைமுறைக்கு ஏற்ப அமைத்து, 1900ஆம் ஆண்டில் 7777 என்னும் எண்ணுள்ள காப்புரிமையைப் பெற்றார். இத்துறையில் யார் முந்தியவர் என்னும் வழக்கு நெடுங்காலம் நீடித்தது. 1943ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இசைவு முறையில் லாட்ஜ், ஸ்டோன் ஆகியோரின் முன்னுரிமையை ஏற்றது.

மாகடலைக் கடந்த மூன்று புள்ளிகள்

நேராகச் செல்லும் அலைகள் உருண்டையான உலகின் வளைவைத் தாண்டா என அறிஞர் பலர் கருதினர். மார்க்கோனி தளரவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் போல்டு என்னுமிடத்தில் பெரிய நிலையம் எழுப்பினார். 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் வீசிய புயல் அதன் தூண்களை வீழ்த்தியது. சிறிய வான்கம்பியை அமைத்துவிட்டு, அட்லாண்டிக்கின் மறுகரையான நியூபவுண்டுலாந்திற்குச் சென்றார். அங்குக் குன்றின்மேல் பட்டம் ஒன்றைப் பறக்கவிட்டு அதன்வழி வான்கம்பியை உயர்த்தினார். கடுங்காற்றில் பட்டம் ஏறியிறங்க, நுட்பமாக இசைத்த ஏற்கும் கருவி பயன்படாது போயிற்று. எளிய கருவியோடு தொலைபேசியின் காதுக்குழலை இணைத்துச் செவிசாய்த்தார். டிசம்பர் 12ஆம் நாள் நண்பகலுக்குப் பின், எஸ் எனும் எழுத்தைக் குறிக்கும் மூன்று புள்ளிகள் மெல்ல ஒலித்தனவாக அவர் அறிவித்தார். இடைத்தொலைவு ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர்.

செவியாற் கேட்டது நாடாவில் பதியவில்லை. ஆகவே ஐயுற்றோர் பலர். மார்க்கோனி அவர்களோடு வாதிடுவதை விடுத்து, 1902ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிலடெல்பியா என்னும் கப்பலில் ஏற்கும் கருவியுடன் பயணம் செய்தார். போல்டு நிலையத்திலிருந்து வந்த குறிகள் நாடாவிலேயே பதிந்தன. ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் வரை முழுச் செய்திகளும், 3,300 கிலோமீட்டருக்கு அப்பாலும் எஸ் எழுத்தும் கிடைத்தன. கப்பல் தலைவர் அந்நாடாக்களில் கையொப்பமிட்டார். பகலினும் இரவில் அலைகள் நெடுந்தொலைவு செல்கின்றன என்னும் புதிய உண்மையும் அப்பயணத்தில் வெளியாயிற்று. வளிமண்டலத்தின் மேலே அலைகளைத் திருப்பும் அடுக்கு ஒன்று இருத்தல் வேண்டும் என்று கென்னலி, ஹெவிசைடு ஆகிய இருவரும் அவ்வாண்டிலேயே கருதினர். பின்னாளில் அது மெய்யாயிற்று.

1909ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசு மார்க்கோனிக்கும் செர்மானிய அறிஞர் பெர்டினண்டு பிரானுக்கும் பகிர்ந்து வழங்கப்பெற்றது. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் ரிபப்ளிக் என்னும் கப்பல் மூடுபனியில் மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கியது. கம்பியில்லாத் தந்தியின் அழைப்பைக் கேட்டு விரைந்த உதவியால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர்.

கேட்கும் செவி

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் பனிப்பாறையில் மோதியது. அதில் மார்க்கோனி நிறுவனத்தின் தந்தியாளர் இருவர் பணிபுரிந்தனர். கப்பல் மூழ்கும் தறுவாயிலும் அவர்கள் உதவி வேண்டிக் குறிகளை இடைவிடாது அனுப்பினர். அவர்களுள் பிலிப்ஸ் என்பார் உயிர் துறந்தார். அருகில் நின்ற கலிபோர்னியன் என்னும் கப்பலில் கருவி இருந்தது. ஆனால் அதன் ஒரே தந்தியாளர் சற்று முன்னரே உறங்கச் சென்றுவிட்டார். ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கார்பேத்தியா என்னும் கப்பலின் தந்தியாளர், படுக்கைக்குச் செல்லும் நேரத்திலும் காதுக்குழலைக் கழற்றாதிருந்தார். அவர் செவியில் அழைப்பு விழுந்தது. அக்கப்பல் விரைந்து வந்து எழுநூறு பேரை மீட்டது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர்.

அனுப்பும் கருவி எத்துணைச் சிறந்ததாயினும், மறுமுனையில் விழித்திருக்கும் செவி இல்லையேல் அது வீணே என்னும் உண்மையை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1914ஆம் ஆண்டு இலண்டன் நகரில் உருவான கடற்பாதுகாப்பு உடன்படிக்கை, கப்பல்களில் கம்பியில்லாத் தந்தியைக் கண்காணிக்கும் கடமையை வலியுறுத்தியது.

இறுதிக் காலமும் புகழும்

பிற்காலத்தில் மார்க்கோனி எலெத்ரா என்னும் தம் கப்பலையே ஆய்வுக்கூடமாக்கிக் குற்றலைகளை ஆராய்ந்தார். அதன் பயனாக 1927ஆம் ஆண்டில் இங்கிலாந்திற்கும் இந்தியாவிற்கும் இடையே குற்றலைத் தந்தித் தொடர்பு ஏற்பட்டது. 1923ஆம் ஆண்டில் முசோலினியின் பாசிசக் கட்சியில் அவர் சேர்ந்தமை அவர் புகழில் படிந்த மாசு என்றே கூறுதல் வேண்டும். 1937ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள் ரோம் நகரில் அவர் காலமானார். இங்கிலாந்து முதலிய நாடுகளின் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலியடக்கி அவருக்கு மரியாதை செலுத்தின.

தூள்குழாய் இன்று காட்சிச்சாலையில் உள்ளது. அதன் பணியோ ஓயவில்லை. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலில் நிறுத்தியுள்ள மிதவைகள், காற்றின் வேகத்தையும் நீரின் வெப்பத்தையும் அலையின் உயரத்தையும் உணர்ந்து, அவற்றை எண்களாக்கிச் செயற்கைக்கோள் வழியே கரைக்கு அனுப்புகின்றன. அவ்வெண்களும் துடிப்புகளாக ஒன்றன்பின் ஒன்றாகவே வருகின்றன. அனுப்பும் கருவியும் ஏற்கும் கருவியும் ஒரே அலைவிற்கும் ஒரே வேகத்திற்கும் இசைக்கப்படுதல் இன்றும் இன்றியமையாதது. இசைவு பிழைத்தால், புயல் வருவதை உரைக்கும் எண்ணும் பொருளற்ற குறியாகிவிடும்.

புதிய அலையை மார்க்கோனி படைக்கவில்லை. தூள்குழாயை முதன்முதலிற் கண்டவரும் அவரல்லர். பிறர் கண்ட உண்மைகளை ஒன்றுசேர்த்து, சலியாது திருத்தித் திருத்தி, மக்கள் உயிரைக் காக்கும் கருவியாக்கினார். சிறு தூளின் இடைவெளியையும் பொருட்படுத்திய அப்பொறுமையே கடலின் நடுவே தனித்துத் தவித்தோர்க்குத் துணையாயிற்று. அதுவே நாம் அவரிடம் கற்கத்தக்க பாடமாகும்.